புத்தாண்டும் வாசிப்பு விரதமும்

கெடா மாநிலத்தில் ஆங்கில வருஷம் பிறக்கும் காலமும் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலமும் ஒன்றையொன்று தொடர்ந்தே வரும். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, குனோங் ஜெராய் மலையின் சிகரம் மேகம் விலகித் துலக்கமாகத் தெரியத் தொடங்குகின்ற அந்நாட்களில், கித்தா என்னும் ரப்பர்க் காட்டின் பசுமை மெல்ல மஞ்சளாகிப் பின் செம்பு நிறம் கொண்டு, தை மாசியில் அடிக்கும் வறண்ட காற்றில் சருகாக உதிர்ந்து, நிரைகளின் நடுவே கணுக்கால் புதையுமளவு கிடக்கும். மரத்தில் பால் குறையும்; புதுத் துளிர் முற்றும் வரையில் மரத்தை வருத்தலாகாது என்று சில பிரிவுகளில் பால் வெட்டையே நிறுத்தி வைப்பார்கள். கூலி குறைந்து கையைக் கடிக்கும் அந்த மாதங்கள்தாம் தோட்டத்து ஜனங்களுக்குச் சிறிது அவகாசம் கிடைக்கும் மாதங்கள். பீடோங் நகரை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் போன்றோர், வருகிற வருஷம் முழுவதும் எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று சங்கல்பம் செய்துகொள்ளக் கற்றதும் அந்த அவகாசத்தில்தான்.

புத்தாண்டில் வாசிப்புக்கு ஓர் இலக்கு வகுத்துக்கொள்வது இன்று பலரும் செய்கிற காரியம். ஆனால் தோட்டத்தில் அது வேறு பொருள் உடையதாக இருந்தது; ஏனெனில் அங்கே காலம் எங்கள் ஸ்வாதீனத்தில் இல்லை. இருள் பிரியுமுன்னே மணி அடிக்கும். தாயும் தந்தையும் பெரட்டுக் களத்தில் போய் நின்று பெயர் கொடுப்பார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகைக்குப் போகும். பிறகு நிரை நிரையாக மரம் சீவி, மங்குகளில் பால் நிறையக் காத்திருந்து, அதை வாளியில் சேர்த்துக் காண்டா என்னும் தோள்தடியில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து, கிராணியார் நிறுத்துக் கணக்கெழுதும் வரையில் நின்று, வீடு திரும்பும்போது வெயில் உச்சியைக் கடந்திருக்கும். எழுவதும் உண்பதும் உறங்குவதும் இன்னொருவர் வகுத்த நியமப்படி நடந்த அந்த ஜீவனத்தில், ஒரு நாளின் அரை மணி நேரத்தை எடுத்து, இது நான் படிப்பதற்கு உரியது என்று ஒரு சிறுவன் சொல்ல முடிந்தது என்றால், அந்த அரை மணி நேரம் துரைக்கும் உரியதன்று, கங்காணிக்கும் உரியதன்று. வாசிப்பின் இலக்கு என்பதை நான் முதன்முதல் அறிந்துகொண்டது இந்த அர்த்தத்தில்தான்.

அக்காலத்துச் சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். 1948-இல் பிரகடனம் செய்யப்பட்ட அவசரகாலம் 1960 வரையில் நீடித்தது; என் பள்ளிப் பருவம் முழுவதும் அதற்குள் அடங்கியதே. ஊரடங்கு இருந்த நாட்களில் எங்கள் குடியிருப்பு வரிசையாகிய லயத்துக்கு வெளியே ஒருவரும் நடமாட மாட்டார்கள். அதற்குச் சற்று முன்பு, 1946, 1947 ஆகிய ஆண்டுகளில், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதையும், போலீசாருடன் நேர்ந்த மோதல்களையும் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். கள்ளை விட்டொழித்த அந்தத் தலைமுறையில் சிலர் மாலை வேளைகளைப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் எங்கள் தோட்டத்துக் கடைக்கு வரும். ஒரு பிரதியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிப்பார். மழைக்காலங்களில் அல்லியரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் பெரிய எழுத்துப் புஸ்தகங்களிலிருந்து இராகத்தோடு வாசிக்கப்படும். தமிழ் முரசின் மாணவர் மணிமன்ற மலர் வரத் தொடங்கிய பிறகு, பிள்ளைகளாகிய நாங்களும் அந்த வட்டத்தில் இடம் பெற்றோம்.

இந்தச் சூழ்நிலையில்தான் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒரே கூரையின் கீழ் எல்லா வகுப்புகளும் நடந்த சிறு பள்ளி அது. ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரத்தில், புதிய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்வார். அவ்வாரத்தின் கடைசி நாளில் பாடங்கள் முடிந்தபின், பிள்ளையார் சுழி இட்டு அந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டும். அதில் நான்கு விஷயங்கள்: நாள்தோறும் எந்த வேளையில் படிப்பேன் என்பது முதலாவது, என் வயதுக்கும் அறிவுக்கும் சற்று மேற்பட்டதாகிய எந்த ஒரு கடினமான நூலோடு இவ்வருஷம் போராடுவேன் என்பது இரண்டாவது, நாம் வாழும் இந்த மண்ணைப் பற்றி எதைப் படிப்பேன் என்பது மூன்றாவது, படிக்கத் தெரியாத யாருக்கு நான் வாசித்துக் காட்டுவேன் என்பது நான்காவது. எத்தனை புத்தகம் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் இடம் பெறவில்லை.

எங்களில் கெட்டிக்காரனாகிய ஒருவன் எழுந்து, "சார், நான் இந்த வருஷம் நூறு புஸ்தகம் படிக்கப் போகிறேன்" என்று பெருமிதத்தோடு சொன்னான்.

"நல்லது தம்பி. அந்த நூறையும் எந்த நேரத்தில் படிப்பாய், அதைச் சொல்" என்றார் ஆசிரியர்.

அவன் பதில் சொல்லாமல் நின்றான். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எண்ணிக்கை மனிதனின் ஆசையைக் காட்டும், வேளை அவனுடைய உறுதியைக் காட்டும் என்று விளக்கிவிட்டு, அவனை உட்காரச் சொன்னார். பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் எழுதியதை வாசித்தோம். மாடு பார்த்துக்கொள்ளும் ஒருவன், மாடு மேயும்போது என்று எழுதியிருந்தான். தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்புடைய ஒரு பெண், "தம்பி தொட்டிலில் தூங்கும்போது" என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அந்த வரியை இரண்டு முறை வாசிக்கச் செய்து, சிறந்த திட்டம் இதுதான் என்றார். தன் நாளை உள்ளபடி அறிந்து, அதில் இருக்கும் இடைவெளியைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒரு புத்தகத்தை வைத்தவள் அவள் ஒருத்தியே என்பது அவருடைய அபிப்பிராயம். அந்தப் பெண் பதிமூன்று வயதில் பள்ளியை விட்டுப் பால்மரம் வெட்டப் போனாள். ஆயினும் தோட்டத்து இளைஞர் சங்கமாகிய மணிமன்றத்துப் புத்தக அலமாரியிலிருந்து மாதந்தவறாமல் நூல் எடுத்துச் சென்றவர்களில் ஒருத்தியாகப் பல வருஷங்கள் இருந்தாள்.

நான் என் பக்கத்தில் நான்காவது விஷயத்துக்கு நேராக, "அம்மாவுக்கு" என்று எழுதினேன். என் தாய் சிறு பெண்ணாக இருக்கையில் தன் பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவள். இந்திய அரசாங்கம் 1938-இல் தோட்டக் கூலிகளாகத் தமிழர் மலாயாவுக்கு வருவதைத் தடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்தவள். எழுத்து வாசனை அறியாதவள். இரவுச் சோற்றுக்குப் பிறகு அரிக்கன் விளக்கைத் திரி தாழ்த்தி நடுவில் வைத்து, மறுநாள் உலைக்குரிய அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே அவள் கேட்பாள். நான் கல்கியின் சிவகாமியின் சபதத்தை வாசிப்பேன். அவள் விரல்களின் இடுக்கில் காய்ந்துபோன பால் கறுத்து ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத புளித்த வாடை ஒன்று விளக்கின் சூட்டில் எழும். சிவகாமியை வாதாபிக்குக் கொண்டுபோன பகுதியை வாசித்த இரவில் முறத்தில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன.

"அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்பிடுதா தம்பி?" என்று கேட்டாள்.

"இன்னும் படிக்கலம்மா. நாளைக்குத்தான் தெரியும்."

"நாளைக்கு மறக்காம வாசிச்சிரு சாமி" என்றாள்.

அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தது, இருந்தும் வாசித்தேன். தனக்காக மட்டும் படிப்பதாக எடுத்த விரதம் தளர்ந்துவிட ஆயிரம் நியாயங்கள் கிடைக்கும். நம் குரலுக்காக ஒருவர் விளக்கடியில் காத்திருக்கிறார் என்றால் அந்த நியாயங்கள் எல்லாம் வலுவிழந்து போகும். ஆசிரியர் நான்காவது விஷயத்தை ஏன் சேர்த்தார் என்பது எனக்கு அந்த இரவில் விளங்கிற்று.

இரண்டாவதாகிய கடின நூல் எனக்கு வாய்த்தது பள்ளியை விட்ட பிறகு, ஆசிரியப் பயிற்சிக்கு முயன்றுகொண்டிருந்த பருவத்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தை என் ஆசிரியர் பினாங்கிலிருந்து வரவழைத்து, "இதை ஒரு வருஷம் வைத்துக்கொள்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அகிலனின் வேங்கையின் மைந்தனை வாசித்து இராஜேந்திர சோழனின் நினைவாகவே அலைந்துகொண்டிருந்த எனக்கு, அந்தச் சரித்திரத்தின் சாசனச் சான்றுகளும் அடிக்குறிப்புகளும் முதலில் மலைப்பைத் தந்தன. ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. தெரியாத சொற்களைத் தனித் தாளில் எழுதிக்கொண்டு ஓய்வு நாட்களில் ஆசிரியர் வீட்டுக்குப் போவேன். இலையுதிர் காலம் கழிந்து, மரங்கள் துளிர்த்து, மீண்டும் மழை பிடிக்கும் வரையில் அந்த நூலோடு வாழ்ந்தேன்.

அந்தப் பிரயாசையின் பலன் என்ன என்று சொல்கிறேன். இராஜேந்திரன் 1025-ஆம் ஆண்டில் கடற்படை செலுத்தி வென்ற கடாரம், நான் பிறந்த இந்தக் கெடாவே என்பதை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முந்திய தலைமுறையில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்புவித்ததும், முதலாம் இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை நிவந்தமாக அளித்ததும் லெய்டன் பெரிய செப்பேடுகள் என்று வழங்கப்படும் பட்டயங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. என் தாய் கப்பலேறிய துறைமுகத்துக்கும் அவள் வந்து சேர்ந்த நாட்டுக்கும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய சம்பந்தம் இருந்ததென்று, அதைப் படித்த இரவில் அவளிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நாகப்பட்டினத்தில் தான் பார்த்த கடற்கரையையும் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களையும், அதுவரை ஒருநாளும் சொல்லாதவற்றை, நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே காலத்தில்தான், 1959-60 ஆண்டுகளில், ஆலஸ்டர் லாம்ப் என்னும் ஆராய்ச்சியாளர் ஜெராய் மலையின் தென் சரிவில் புக்கிட் பத்து பாஹாட் என்னுமிடத்தில் சிதைந்து கிடந்த பழங்கோயில் ஒன்றை அகழ்ந்து, கல்லின் மேல் கல்லடுக்கி, மீண்டும் நிலைநிறுத்தினார். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அம்மலையடியில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டி வெளிப்படுத்திய சின்னங்களில் அதுவும் ஒன்று. ஆசிரியரும் நாங்கள் சிலரும் மெர்போக் வழியாக சைக்கிளில் அங்கே சென்றோம். கருங்கல் அதிஷ்டானமும், முன்மண்டபத்துத் தூண்கள் நின்ற கல் ஆதாரங்களும், அருகே சலசலத்து ஓடும் ஓடையும் இருந்தன; கூரை மரத்தால் ஆனதாகையால் காலத்தோடு போய்விட்டது. அந்த ஆதாரக் கற்களில் ஒன்றின் மேல் கையை வைத்து நின்றபோது, வருஷம் முழுவதும் நான் இரண்டிரண்டு பக்கமாகக் கடந்து வந்த சரித்திரம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. கதைப் புஸ்தகங்கள் நூறு படித்திருந்தாலும் எனக்கு அந்த அனுபவம் கிட்டியிராது. சாண்டில்யனின் கடல் புறாவைப் பின்னாளில் படித்தபோது, கடாரம் என்ற பெயர் வரும் இடங்களிலெல்லாம் எனக்கு அந்தக் கல்லின் குளிர்ச்சி ஞாபகத்துக்கு வரும்.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் வீடு வாசல் இழந்து நிற்கும் நிலை ஏற்பட்டிருந்த சமயம் அது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறு சிறு தொகையாகக் கட்டிச் சேர்த்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்த நாளில் எங்கள் லயத்தில் பொங்கல் போன்ற கொண்டாட்டம். அடுத்த ஜனவரியில் மணிமன்றத்து இளைஞர்களிடம் பேசிய ஆசிரியர், வாசிப்பும் இப்படிப்பட்ட சந்தாதான்; மாதந்தோறும் தவறாமல் கட்டுகிற சிறு தொகைதான் கடைசியில் தோட்டத்தை நமக்குச் சொந்தமாக்கும் என்றார். ஓர் இரவில் பெருந்தொகை கட்டிவிடலாம் என்று நினைத்துக் காத்திருப்பவன் எக்காலத்திலும் பங்குதாரன் ஆவதில்லை. அவர் சொன்ன இந்த உவமைக்கு மேல் விளக்கம் தேவைப்படாத சபை அது.

மூன்றாவது விஷயமாகிய, இந்த மண்ணைப் பற்றிய வாசிப்பு, அந்நாளில் எளிதில் கிட்டுவதாக இல்லை. 1950-களின் தொடக்கத்தில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி இந்நாட்டில் எழுத்தாளர் தலைமுறை ஒன்று உருவாக வழி செய்தார்கள். ஆயினும் அத்தலைமுறையினர் எழுதியவை பெரும்பாலும் ஞாயிற்றுப் பதிப்புகளோடு மறைந்தன. அவற்றைக் கத்தரித்து, கஞ்சிப் பசை தடவி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்துப் படிப்போம். பிறகு காலம் மாறிற்று. பீடோங்கில் 1940-இல் பிறந்த ரெ. கார்த்திகேசு, வானொலியில் பணியாற்றிப் பின்னர் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்து, வானத்து வேலிகள், அந்திம காலம் முதலான நாவல்களைத் தந்தார். சீ. முத்துசாமியின் மண் புழுக்கள் நாவலில் தோட்டத்து மக்களின் பேச்சே இலக்கியமாக எழுந்து நிற்கக் கண்டோம். 2017-இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. சுங்கைப் பட்டாணியில் வாழும் கோ. புண்ணியவான், ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் துயரத்தைக் கையறு என்னும் நாவலில் எழுதினார். லூனாஸில் பிறந்த ம. நவீனும், சுங்கைப் பட்டாணியின் கே. பாலமுருகனும் இந்தத் தலைமுறையின் குரலாக எழுதி வருகிறார்கள். தமிழகத்திலிருந்து வந்து பார்த்துச் சென்ற அகிலன் பால்மரக் காட்டினிலே என்ற நாவலை எழுதியதை நன்றியோடு நினைவுகூரும் நாம், இங்கேயே பிறந்து இங்கேயே எழுதியவர்களை நம் வருஷத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது. கெடாவில் இன்று ஒரு வாசகர் மூன்றாவது வரியை நிரப்ப முடியாமல் தவிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெறும் தறுவாயில், கல்வி அமைச்சு நீலம் என்னும் வாசிப்புத் திட்டத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தது. மாணவர்கள் தாம் படித்த நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கதைச் சுருக்கத்தையும் பதிவேட்டில் எழுதி வரவேண்டியிருந்தது; எண்ணிக்கை ஏற ஏறப் பாராட்டும் கிடைத்தது. நல்ல நோக்கமுடைய திட்டம். புத்தகத்தைத் தொட்டறியாத பிள்ளைகள் பலரை நூலகத்துக்கு அழைத்து வந்தது. என் வகுப்பில் நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொண்டேன்: பதிவேட்டின் முதல் பக்கத்தில் என் ஆசிரியரின் நான்கு வரிகளையும் எழுதச் செய்தேன். முப்பது மெல்லிய புத்தகங்களின் பெயரை அடுக்கிய பிள்ளைகளைவிட, பாட்டிக்கு ஒரே ஒரு புத்தகத்தை முழுவதும் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் உச்சரிப்பிலும் கட்டுரையிலும் முன்னே நின்றதை நான் கண்கூடாகக் கண்டேன்.

இன்று என் தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அங்கிருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் எனப்படும் நகரக் குடியிருப்புகளின் வீடுகளில் வாழ்கிறார்கள். தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி வேலை செய்கிறார்கள். எஞ்சிய நேரத்தைக் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகிறது. பெரட்டு மணி ஓய்ந்தது. ஆனால் காலம் இன்னும் பிறர் கையிலேதான் இருக்கிறது. ஆகவே ஜனவரி மாதத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொள்வது என் பள்ளிக் காலத்தைவிட இப்போது அதிகமாகத் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதைப் படிக்கும் அன்பர்கள் இவ்வருஷம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நூல்களின் எண்ணிக்கையை எழுத வேண்டாம். வேலை முடிந்து வீடு திரும்பும் உங்கள் நாளில் உண்மையாகவே கிடைக்கக்கூடிய ஒரு வேளையை எழுதுங்கள். கால் மணி நேரமானாலும் போதும். வருஷம் முழுவதும் கூடவே இருக்கத்தக்க ஒரு கடினமான நூலைத் தேர்ந்தெடுங்கள். கெடாவில் பிறந்த எழுத்தாளர் ஒருவரின் நூலைப் பணம் கொடுத்து வாங்கிப் படியுங்கள். நான்காவது வரியில், உங்கள் வீட்டில் கண் மங்கிய ஒரு பெரியவரின் பெயரையோ, இன்னும் எழுத்துக் கூட்டாத ஒரு குழந்தையின் பெயரையோ எழுதி, இன்றிரவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.